நடுங்கிய கோடும் பிசகிய புள்ளியும்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோலாலம்பூரில் இருக்கிறீர்கள். பாட்டி வாசலில் போட்ட சிக்குக் கோலங்களை வைத்துத் துணிக்கான வடிவங்கள் வரைகிறீர்கள். தீபாவளி விற்பனைக்கு ஒரு துணிக்கடை அவற்றை அச்சடிக்கக் கேட்டிருக்கிறது. தாளில் கையால் வரைந்தால் கோடு நடுங்குகிறது. டேப்லெட்டில் ஏற்றிச் சீராக்கினால் உயிர் போய்விடுகிறது. நடுக்கத்தோடு அப்படியே கொடுத்தால் கடைக்காரர் "இங்கே தப்பா இருக்கே" என்று விரல் வைக்கிறார். "குறையை ஏற்றுக்கொள்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே கலையில் ஒரு வழியா, இல்லை சரியாக வரைய வராதவர்கள் தேடிக்கொள்ளும் சமாதானமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தக் குறையை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். நான் பினாங்கில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு அங்கே பத்து பெரிங்கி என்ற ஊர்ப்பக்கம் ஒரு பாத்தேக் பட்டறையில், அதாவது மெழுகால் கோடு இழுத்துத் துணிக்குச் சாயமிடும் பட்டறையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் மெழுகோடு இருந்தேன். பிறகு கோலாலம்பூரில், ஆலை அச்சுக்கு வடிவம் தயாரிக்கும் வேலையில் பத்தொன்பது ஆண்டுகள். ஆகவே துணியைப் பற்றித் தயங்காமல் சொல்வேன். மண்பாண்டம், தரைக்கல் போன்றவற்றில் நான் வெறும் பார்வையாளர்தான். உங்கள் படங்களையும் நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் கோட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கோலத்திலிருந்தே தொடங்கலாம், விடையில் பாதி அங்கேயே கிடக்கிறது. சிக்குக் கோலத்தில் இரண்டு வகைத் தவறு நேரும். ஒன்று, புள்ளி பிசகுவது. ஏழு வைக்க வேண்டிய வரிசையில் ஆறு வைத்துவிட்டால், அல்லது ஒரு திருப்பத்தில் புள்ளியைச் சுற்றாமல் தாண்டிப் போய்விட்டால், கோடு கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வராது. அடுத்த வீட்டு அக்கா வாசலைக் கடக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று, கோடு நடுங்குவது. விரலிடுக்கிலிருந்து மாவு எப்போதும் ஒரே அளவில் விழாது. வளைவில் தடிக்கும், இழுப்பில் மெலியும், அவசரத்தில் விட்டுவிட்டு விழும். இதைத் தவறு என்று எந்த வாசலிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா "கோலம் கோணிப்போச்சு" என்று சொன்னால் புள்ளி கோணிவிட்டது என்றுதான் பொருள்.

1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளாக எழுதிப் பார்த்தார்கள். அந்த விதிகளுக்குள் புள்ளியும் கோடு போகும் வழியும் அடங்கின. மாவு எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்பது அதற்குத் தேவைப்படவில்லை. எனக்கு இது மிகவும் உதவிய ஒரு பிரிவு. ஒரு வடிவத்துக்கு இலக்கணமும் உண்டு, கையெழுத்தும் உண்டு. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறலாம், நாளுக்கு நாள் மாறலாம். இலக்கணம் பிசகினால் படிக்கவே முடியாது. உங்கள் கடைக்காரர் காட்டிய இடங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். அவர் காட்டியவற்றில் சில புள்ளிப் பிசகாக இருக்கக்கூடும். அப்படியானால் அவர் சொன்னது சரி, திருத்தத்தான் வேண்டும்.

வாசலில் போடும் கோலத்துக்கும் துணியில் வரும் கோலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாசல் கோலம் ஒருமுறைதான். துணியில் அது திரும்பத் திரும்ப வரும். தொழிலில் நாங்கள் ரிப்பீட் என்போம். ஒரு கட்டத்தை வரைந்து, அதை மேலும் கீழும் இடமும் வலமும் இடைவெளி தெரியாமல் ஒட்டிக்கொண்டே போவது. உருளை அச்சில், சாயத்தைத் துணியில் இறக்கும் உருளைத் திரையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். உருளை ஒருமுறை சுற்றினால் அதே படம் மறுபடி விழும். அதனால் ரிப்பீட் நீளமும் 64, அல்லது அதைச் சரியாக வகுக்கும் 32, 16 என்றுதான் அமையும். கட்டங்களை நேருக்கு நேர் அடுக்கலாம். அல்லது அடுத்த பத்தியைப் பாதி உயரம் இறக்கி அடுக்கலாம், அதற்கு ஹாஃப் டிராப் என்று பெயர். இதை ஆங்கிலப் பாடமாகப் படித்தபோது எனக்குப் புரியச் சில நாள் பிடித்தது. பிறகுதான் உறைத்தது: நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. ஊடுபுள்ளியில் அடுத்த வரிசைப் புள்ளி முந்தைய வரிசையின் சந்தில் விழுமே, அதே கணக்கு. பத்து வயதில் அம்மா சிமெண்டுத் தரையில் கற்றுக்கொடுத்ததைத்தான் இருபத்தெட்டு வயதில் நான் மறுபடி கற்றுக்கொண்டிருந்தேன்.

இந்த ரிப்பீட்தான் குறை என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிடுகிறது. எனக்கு அது விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். கோலாலம்பூர் வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. திரைச்சீலைத் துணிக்கு ஒரு கொடி வடிவம். மையும் தூரிகையும் கொண்டு வரைந்தேன். ஓர் இலையின் நுனியில் தூரிகை சற்று வழுக்கிச் சின்னதாக ஒரு கொக்கி விழுந்தது. அழகாக இருந்தது. கை வரைந்தது என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தேன். தாளில் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கொக்கியைத்தான் முதலில் ரசித்தார்கள். 2,000 மீட்டர் அச்சானது. துணியின் அகலத்தில் கட்டம் மூன்று முறை, நீளத்தில் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,125 முறை நீளவாக்கில், அகலத்தோடு சேர்த்து 9,375 கொக்கிகள். துணியைத் தொங்கவிட்டபோது இலையும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. ஒரே உயரத்தில், ஒரே பக்கம் திரும்பி, தையல் போட்டது போல வரிசையாகக் கொக்கிகள். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மீது எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

கை செய்த பிழை ஒருமுறை நிகழ்வது. அதனால்தான் அது அழகு. அதே பிழையை நகலெடுத்து ஒன்பதாயிரம் முறை வைத்தால் அது பிழையாக இருப்பதை நிறுத்திவிட்டு வடிவமாகிவிடுகிறது, அதுவும் நாம் வரைய நினைக்காத வடிவமாக. ஒழுங்கில்லாத ஒன்று ஒழுங்காகத் திரும்பி வந்தால் கண் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இது என் தனிக்கருத்து இல்லை. துணிக்கு வடிவம் செய்யும் யாரைக் கேட்டாலும் தாங்கள் பட்ட இதுபோன்ற ஓர் அடியைச் சொல்வார்கள்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நான் வளர்ந்த தெருவின் அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், பழைய சிமெண்டுத் தரைக்கற்கள் உண்டு. பித்தளை அச்சுக்குள் நிறம் நிறமாகச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சுத் தடுப்பை எடுத்துவிட்டு அழுத்தித் தயாரிப்பது. தடுப்பை எடுக்கும்போது இரண்டு நிறமும் ஓரத்தில் கொஞ்சம் கலந்துவிடும். எந்த இரண்டு கல்லும் முழுக்க ஒன்றுபோல் இருக்காது. ஒரு கடை வாசலில் நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ முழுமையாகும். அதில் ஒரே ஒரு கல்லை யாரோ திருப்பி வைத்துப் பதித்துவிட்டார்கள். பூவின் ஓர் இதழ் வெளியே பார்த்து நிற்கும். சின்ன வயதில் பள்ளிக்குப் போகும்போது அந்தக் கல்லை மிதிக்காமல் தாண்டுவது எனக்கும் தம்பிக்கும் விளையாட்டு. அந்த ஒரு கல் இல்லாவிட்டால் அந்தத் தரை எனக்கு நினைவில் இருந்திருக்காது. அதே திருப்பம் ஒவ்வொரு நான்கு கல்லிலும் வந்திருந்தால் அது வேறொரு தரை, அவ்வளவுதான். 2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுச் சின்னமான பிறகு பல கடைவீடுகளைப் புதுப்பித்தார்கள். அந்தக் கல் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன். இருக்கிறது.

பாத்தேக் பட்டறைக்கு வருகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவை மாக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அத்தை, சித்தி என்பதுபோல. அவர் குறைகளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் எதைத் தூக்கிப் போட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பதைப் பார்த்தே நான் கற்றேன். சாந்திங் என்ற சிறு மூக்குள்ள கருவியில் உருகிய மெழுகு எடுத்துத் துணியில் கோடு இழுக்கும்போது மெழுகின் சூடுதான் எல்லாம். அதிகச் சூடானால் கோடு பரவித் தடித்துவிடும். ஆறிப்போனால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பதற்கு அந்தக் கோடு மிக அழகாக, மெல்லியதாக, நேராக இருக்கும். சாயம் போட்டதும் அடிவழியாகக் கசிந்து ஒரு பூவின் சிவப்பு பக்கத்து இலைக்குள் போய்விடும். மாக்சிக் துணியைத் திருப்பி, பின்பக்கம் மெழுகு ஊடுருவியிருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால், மேற்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மறுபடி இழுக்கச் சொல்வார். கோணல்மாணலாக இழுத்த கோடு பின்பக்கம் வரை இறங்கியிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மெழுகுத் துளி சிந்திவிட்டால் அதைச் சுற்றி ஒரு மொட்டு வரைந்து மறைப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம். புதிதாக வந்தவளாக நான் பட்டுத்துணி ஒன்றில் மூன்று துளி சிந்திவிட்டு, மொட்டு வரையப் போனேன். மாக்சிக் கையைத் தடுத்தார். சாயம் காய்ந்து, நிறம் பிடிக்க சோடியம் சிலிக்கேட் பூசி, கழுவி, கொதிநீரில் மெழுகை எடுத்த பிறகு துணியைக் கொடியில் தொங்கவிட்டு, என்னை அறையின் மறு கோடிக்குப் போகச் சொன்னார். இரண்டு துளி கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும், பூக்கள் இல்லாத வெறும் நீலத்தின் நடுவில், ஓட்டை விழுந்தாற்போல் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும்தான் வேலை செய்யச் சொன்னார். மூன்றுக்கும் மொட்டு வரைந்திருந்தால் தேவையில்லாத இரண்டு மொட்டுகள் அந்தத் துணியில் சேர்ந்திருக்கும். தவறை மறைக்கச் செய்யும் வேலை தவறைவிடப் பெரிதாகிவிடும் என்பதை அன்று பார்த்தேன். நீங்கள் டேப்லெட்டில் ஐம்பது முறை அழித்து அழித்து வரைவதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த மொட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

மெழுகு விரிசலையும் சொல்ல வேண்டும். பாரஃபின் மெழுகு முறியும், தேன்மெழுகு வளையும். பாரஃபின் கூடுதலாகக் கலந்தால் துணியைக் கசக்கும்போது விரிசல் விழுந்து, சாயம் நரம்பு நரம்பாக உள்ளே போகும். ஜாவாவின் நுட்பமான பாத்தேக் மரபில் அது வேலைக்குறை, அதைத் தவிர்ப்பதில்தான் கைத்திறன். அதே விரிசலைச் சுற்றுலாப் பயணிகள் தேடித் தேடி வாங்குவதை நான் பட்டறையில் தினமும் பார்த்தேன். பினாங்கின் சுவா தியன் தெங் 1950களில் பாத்தேக்கைச் சட்டமிட்டு மாட்டும் ஓவியமாக்கினார். அவர் படங்களில் அந்த நரம்புகள் ஓவியத்தின் மேற்பரப்பாகவே ஆகிவிட்டன. ஒரே விரிசல், மூன்று இடத்தில் மூன்று மதிப்பு. "இது குறையா" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தத் துணியில், யார் உடுத்த, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க என்று சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

சில வேலைகளில் குறை என்று நாம் சொல்வது அந்த முறையின் அடையாளமே. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, பல் பல்லாக இருக்கும். ஊடுநூலை ஓட்டும் இரண்டு தறிநாடாக்கள் அங்கே கைகோத்துத் திரும்புகின்றன. மதுரைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் விரலால் முடிந்து சாயத்தில் தோய்த்தது, அதனால் எந்தப் புள்ளியும் முழு வட்டமாக இருக்காது. நம் மலேசியாவின் கிழக்குக் கரை மாநிலங்களின் பழைய லீமார் துணியில் பூவின் விளிம்பு மங்கலாகத் தெரியும், ஏனென்றால் நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமிடுகிறார்கள், நெய்யும்போது நூல் மயிரிழை நகரும். மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகில் இருக்கும் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்கு ஒரு பிற்பகல் போய்வாருங்கள். கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு விளிம்புகளை மட்டும் பாருங்கள். நான் இங்கே இத்தனை வரியில் சொன்னதை அங்கே கண் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும்.

இனி, நான் அப்படியே நம்பாத ஒன்று. பாரசீகக் கம்பளம் நெய்பவர்கள் "முழுமை கடவுளுக்கே" என்று வேண்டுமென்றே ஒரு முடிச்சைத் தவறாகப் போடுவார்கள் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிமையான கதைதான். ஆனால் லட்சக்கணக்கான முடிச்சுகளைக் கையால் போடுபவருக்குப் பிழையை வேண்டி வரவழைக்கத் தேவையில்லை, அது தானே வரும். கம்பளத்தில் நடுவே நிறம் பட்டை பட்டையாக மாறுவது மட்டும் திண்ணமாகத் தெரிந்த உண்மை. ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி நூல் வந்த இடம் அது. உடைந்த கிண்ணத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டின்மேல் பொன்தூள் பூசும் ஜப்பானியரின் வேலையையும் இப்படித்தான் தவறாகச் சொல்கிறார்கள், உடைந்ததை உடைந்தபடி ஏற்பதாக. அந்த அரக்கு இறுகவே வாரக்கணக்கில் ஈரப்பதமான இடத்தில் வைத்துக் காக்க வேண்டும். பொறுமையாகச் செய்த பழுதுபார்ப்பு அது. கவனக்குறைவுக்கு அதில் இடமே கிடையாது.

நம்மிடம் இதற்கு இணையாக ஒன்று இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அலங்கரித்த குழந்தையின் கன்னத்தில் பாட்டி ஒரு மைப்பொட்டு வைப்பார். கண்ணேறு படாமல் இருக்க வைக்கும் திருஷ்டிப் பொட்டு. நெற்றியின் நடுவில் வைக்க மாட்டார், கன்னத்தில், அல்லது தாடையோரம், ஒரு பக்கமாக. சீரான முகத்தில் சீர் கலைந்த ஒரு புள்ளி. இதை வடிவமைப்புக்கான பழந்தமிழ்க் கோட்பாடு என்றெல்லாம் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று அந்தக் கை யோசிக்கிறது, ஒன்றே ஒன்று வைக்கிறது. அந்த அளவை நான் வேலையில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் உண்டு. கணினியில் பொய்யாகச் செய்யும் குறை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் துணிக்கடைகளில் அடுக்கியிருக்கும் பாத்தேக் அச்சுத் துணிகளை விரித்துப் பாருங்கள். மெழுகு விரிசலையே அச்சடித்திருப்பார்கள். ஒரே நரம்பு, அதே கிளை, கட்டத்துக்குக் கட்டம் திரும்பி வரும். துணியைப் புரட்டினால் பின்பக்கம் வெளிறியிருக்கும். கையால் செய்த பாத்தேக்கில் சாயம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும், விரிசல் ஒருபோதும் திரும்பி வராது. அச்சுத் துணி விற்பதில் தவறு ஒன்றும் இல்லை, நானே அதில்தான் பிழைத்தேன். செய்யாத கைவேலையைச் செய்ததுபோல் காட்டுவதுதான் வேண்டாம் என்கிறேன். டேப்லெட்டில் கோட்டைச் சீராக்கிவிட்டு, பிறகு நடுக்கம் சேர்க்கும் தூரிகையால் அதை மறுபடி நடுங்க வைக்கும் யோசனை உங்களுக்கு வந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நடுக்கத்துக்கு ஒரே தாளம்தான் இருக்கும், துணி நீளமானதும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் கோட்டுக்கு வருவோம். நடுக்கத்தில் இரண்டு வகை உண்டு என்பது என் அனுபவம். பயந்து பயந்து மெதுவாக இழுக்கும் கோடு ரம்பம் போல நடுங்கும். வேகமாக, வழி தெரிந்து போகும் கோட்டில் ஓர் அலைவு இருக்கும், ஆனால் தயக்கம் இருக்காது. பாட்டி கோலத்தில் நீங்கள் ரசித்தது இரண்டாவது வகை. முதல் வகையை மென்பொருளால் திருத்தவும் வேண்டாம், குறை என்று கொண்டாடவும் வேண்டாம். பழகினால் போய்விடும். பழைய நாளிதழை விரித்து, பெரிய தூரிகையால், நின்றபடி, ஒரே கோலத்தை முப்பது முறை போடுங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லி வைத்தது இதைத்தான். என்னிடம் வகுப்புக்கு வருபவர்களிடம் பார்த்திருக்கிறேன், பத்தாவது வரை பயம் இருக்கும், இருபத்தைந்துக்கு மேல் அலுப்பு வந்துவிடும், நடுவில் வருபவை நன்றாக இருக்கும். எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். காப்பிக் குவளையைப் பிடிக்கும்போதும் கை நடுங்குகிறது என்றால் அது என் துறையில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

துணியில் வரப்போகும் அளவைப்போல் ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக வரையுங்கள். பிறகு சுருக்கும்போது நடுக்கமும் அதே அளவில் சுருங்கிவிடும். சின்னதாக வரைந்து பெரிதாக்கினால் நேர்மாறு, மயிரிழை அசைவும் பூதாகரமாகும். கடைக்காரர் கண்ணுக்குப் பட்டவற்றில் பாதி இப்படிப் பெரிதாக்கியதால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, தானாகக் கோடு பிரித்தெடுக்கும் வசதியைத் தொடாமல், மையின் தடிப்பு மெலிவோடு அப்படியே பயன்படுத்துங்கள். அந்த வசதி வளைவை நான்கைந்து புள்ளிகளாகச் சுருக்கி இடையில் கணக்கால் நிரப்புகிறது. நீங்கள் சொன்ன உயிர் போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

முக்கியமானது இதுதான்: ஒரு கோலத்தை வரைந்து நகல் எடுத்து ஒட்டாதீர்கள். அதே கோலத்தை ஆறு முறை தனித்தனியாக வரையுங்கள். புள்ளிக் கணக்கு ஆறிலும் ஒன்றே. கையெழுத்து மட்டும் ஆறு விதம். இந்த ஆறையும் ஒரு கட்டத்துக்குள் ஊடுபுள்ளி முறையில் கலைத்து வையுங்கள். டிஜிட்டல் அச்சானால் 64 சென்டிமீட்டர் என்ற கட்டுப்பாடு கிடையாது, கட்டத்தை இன்னும் பெரிதாக்கலாம். அப்போது எந்தக் கொக்கியும் அதே இடத்தில் சீக்கிரம் திரும்பி வராது. கட்டத்தின் ஓரங்களில் மட்டும் இரக்கம் வேண்டாம். வலப்பக்கம் வெளியேறும் கோடு இடப்பக்கம் அதே உயரத்தில், அதே தடிப்பில் உள்ளே வர வேண்டும். அது இலக்கணம், கையெழுத்து இல்லை.

நிறத்திலும் ஒரு தளர்வு வைக்கலாம். கோட்டுக்குள் நிறம் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று வரைந்தால், ஆலையில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியும். நிறத்தைக் கோட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாராளமாகப் பரவ விட்டு, சில இடத்தில் உள்ளேயே நிறுத்தி வரைந்தால் இயந்திரத்தின் விலகல் அதற்குள் மறைந்துவிடும்.  ஆலைக்காரர்களும் இப்படிப்பட்ட வடிவத்தை விரும்பி எடுப்பார்கள், கழிவு குறையும்.

கடைக்காரர் விஷயம். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். துணி திரும்பி வந்தால் நட்டம் அவருக்கு. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை, துவைத்தால் சாயம் போகும் துணியை, "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். சாயம் போவதை நான் பாராட்டவில்லை, உடுத்தும் துணியில் அது குறைதான், நீங்கள் அதைச் செய்யவே கூடாது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, வாங்குபவரிடம் முன்கூட்டியே சொன்னார்கள் என்பதுதான். நீங்களும் எது வேண்டுமென்று விட்டது, எது நேர்ந்தால் துணியை மாற்றித் தருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கோட்டின் தடிப்பு மாறும், ஆறு கோலமும் ஒன்றுபோல் இருக்காது, இவை வடிவத்தைச் சேர்ந்தவை. கோடு அறுந்து நிற்பது, ஓரம் பொருந்தாதது, சாயம் போவது, இவை வந்தால் உங்கள் பொறுப்பு. என் வாடிக்கையாளர்களிடம் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு "இது தப்பா" என்ற கேள்வி வெகுவாகக் குறைந்துவிட்டது.

அச்சுக்கு அனுப்புமுன் கட்டத்தை உண்மை அளவில் தாளில் எடுத்து, ஆறு தாளை ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். திரையில் பார்ப்பது போதாது. அறையின் மறு கோடிக்குப் போய்க் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கோலம் தெரியக்கூடாது, இருளும் வெளிச்சமும் மட்டும் தெரிய வேண்டும். எங்காவது ஒரு கோடு வரிசையாக ஓடினால், எங்காவது வெள்ளையாக ஓட்டை விழுந்தால், அந்த இடத்தை மட்டும் தொடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் மாட்டியே வைத்திருங்கள், வீட்டில் இருப்பவர்கள் போகும்போது வரும்போது என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஆலையிலிருந்து மாதிரித் துணி வந்ததும் அதை ஒருமுறை துவைத்துக் காயவைத்து, பருத்தி எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துகொண்டு, பிறகு கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முடிந்தால் தைத்து, ஒருவரை உடுத்தச் சொல்லிக் காட்டுங்கள். மடிப்பில் விழுந்த துணியில் அவர் எந்தக் கோட்டில் விரல் வைக்கிறார் என்று பார்த்துவிட்டு, விருப்பமிருந்தால் இங்கே வந்து எழுதுங்கள். படத்தையும் போட்டால், உங்கள் கோட்டைப் பற்றி அப்போது என்னால் ஏதாவது சொல்ல முடியும்.